ரெண்டாம் நம்பர் ஃபேன் நிக்கிற வரைக்கும்

சிவப்புப் பொத்தானை அழுத்தியாச்சு. மோட்டார் அடங்கிருச்சு. ஃபேன் அடங்கலை. அது அப்படி ஒடனே அடங்காது, எட்டு வருஷமா இந்த நூல் மில்லுல பாக்கறேன், கரண்டை நிறுத்தினாலும் ஆள் ஒசரத்து இரும்பு இறக்கை அது பாட்டுக்குச் சுத்திட்டுத்தான் கெடக்கும், அஞ்சு நிமிஷம், சில நாள் ஆறு. பீஸ் கட்டை, அதான் ஃபியூஸு, மூணையும் பிடுங்கியாச்சு. பிடுங்கி என்ற சட்டைப் பையில போட்டாச்சு. போட்டாச்சுன்னா பத்தாது, தொட்டுப் பாக்கறேன், ஒண்ணு, ரெண்டு, மூணு, பீங்கான் இன்னும் வெதுவெதுன்னு இருக்குது. மறுபடி தொட்டுப் பாக்கறேன். சுவிட்சு மேல அட்டையும் மாட்டியாச்சு, 'ஆள் உள்ளே, ஓட்டாதே'ன்னு. ஆள் இன்னும் உள்ளே போகலை. பத்தடி தள்ளி ஃபேன் ரூம் கதவுகிட்ட நிக்கறாரு, ஃபிட்டர் அய்யாத்துரை அண்ணாச்சி, நாலு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் வேலைக்கு வந்திருக்காரு. வலது கையை பேன்ட் பாக்கெட்டுக்குள்ள விட்டுட்டு, கதவுல இருக்கற கம்பி வலை வழியா இறக்கையவே பாத்துட்டிருக்காரு. வெளியே எடுத்தாத்தான் தெரியும், அந்தக் கையில சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை, நடு விரல் பாதிதான்னு. பன்னெண்டு மணிக்கு மேனேஜர் ரூம்ல ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடணும் அவரு. 'நான் தெளிவாகச் சொல்லாததால் நடந்த விபத்து, தவறு என்னுடையது'ன்னு. போட்டதுக்கப்பறம் அவரு ஃபிட்டர் இல்லை, கேட்டுல உக்காந்து வண்டி நம்பர் எழுதற ஆளு. இடது கையில கையெழுத்துப் பழகிட்டாராமா, மக நோட்டுல எழுதி எழுதிப் பாத்து. இப்ப மணி பதினொண்ணு நாப்பது. தப்பு அவருதில்லை, என்னுது. அது எனக்கு மட்டுந்தான் தெரியும்.

கண்ணை எங்க வெக்கறதுன்னு தெரியலை. அவரப் பாக்க முடியலை, நேரா பாத்தா போர்டு. மஞ்சப் பெயின்டுல கறுப்பு எழுத்து, 'எடு, போடு என்று சொல்லாதே. நிறுத்து, ஓட்டு என்று சொல்.' ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் ஒண்ணு தொங்குது. எல்லாம் நான் சொன்ன கதையில இருந்து வந்ததுதான். கதை நல்ல கதைங்க, குத்தம் சொல்ல முடியாது. மில்லு எலக்ட்ரீஷியன் பாஷையில எடுன்னா பீஸ் கட்டையப் பிடுங்குன்னு அர்த்தம். எங்க தாராபுரம் பக்கம் தோட்டத்துல எடுத்து உடுன்னா மோட்டாரை ஓட்டுன்னு அர்த்தம். அண்ணாச்சி கோவில்பட்டிக்காரரு, ஃபேன் ரூமுக்குள்ள பெல்ட்டு மாத்தப் போறவரு, 'ஏல சென்னி, எடு'ன்னு சத்தம் குடுத்தாரு, சென்னியப்பனாகப்பட்ட நான் ஓட்டச் சொல்றாருன்னு நெனச்சு பச்சையை அழுத்திட்டேன். அவ்வளவுதான் கதை. கேட்ட அத்தனை பேரும் உச்சுக் கொட்டினாங்க, அட, ஒரு வார்த்தையில பாருய்யான்னாங்க. கேண்டீன்ல எனக்கு 'எடுத்து உட்ட சென்னி'ன்னு பேரு வெச்சு, ரெண்டு வாரம் சிரிச்சுட்டு உட்டுட்டாங்க. மேனேஜர் என்னையக் கூப்பிட்டு, இது முக்கியமான பாயின்ட்டுப்பா, நாங்க யாருமே யோசிக்கலைன்னு பாராட்டினாரு. பாராட்டினாரு! நான் தலையை ஆட்டிட்டு நின்னேன். ஒரு வகையில நல்லதுதானே, நாளைக்கு வடநாட்டுப் பையனுகளும் நம்மாளும் சேந்து வேலை பாக்கறப்ப இந்த போர்டு யாரு கையையாவது காப்பாத்தும், பொய்யில இருந்து வந்தாலும் போர்டு போர்டுதானேன்னு படுத்துட்டு நெனப்பேன், நெனச்சாத் தூக்கம் வரும்னு. வராது. அந்தக் கதை நடந்திருக்கலாம். நடக்கலை. அவரு எடுன்னு சொல்லவே இல்லை.

அவரு கேட்டாரு. எடுத்தாச்சான்னு கேட்டாரு. எடுத்தாச்சு அண்ணாச்சின்னு நான் சொன்னேன். எடுக்கலை. இதுதான் நடந்தது, எத்தனை சுத்து சுத்தி வந்தாலும் இங்கதான் வந்து முட்டுது. சிவப்பை அழுத்தியிருந்தேன், ஃபேன் அடங்கிட்டு வந்துச்சு, பீஸ் பிடுங்கற கைப்பிடி அந்தக் கடைசி ரூம்ல இருந்துச்சு, நாப்பது அடி நடக்கணும், டீ அப்பத்தான் வந்திருந்துச்சு, கூட உளுந்து வடை. யாரு சுவிட்சைத் தொடப் போறா, நாந்தானே இங்க நிக்கறேன், நானே இருக்கறப்ப பீஸ் எதுக்குன்னு தோணுச்சு. தோணுச்சுன்னு கூடச் சொல்ல முடியாது, எத்தனையோ தடவ அப்படித்தான் பண்ணியிருக்கேன், ஒண்ணும் ஆனதில்லை. அவரு ஃபேன் நிக்கிற வரைக்கும் காத்திருந்து, பெல்ட்டு மேல இருக்கற இரும்பு மூடியைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு, கப்பியில கை வெச்சாரு. அவரு பக்கம் ஒரு தப்பும் இல்லை, புஸ்தகத்துல போட்ட மாதிரி பண்ணினாரு. அப்பத்தான் போன். ஸ்பின்னிங் மாஸ்டரு. 'யோவ், ரெண்டாம் நம்பர் ஏன்யா நிக்குது, ஈரமில்லாம நூலு பூரா அறுந்து அறுந்து விழுது, ரிங் ஃபிரேம் மெஷினெல்லாம் நிக்குது, நான் என்ன பதில் சொல்றது'ன்னு காதுல கத்தறாரு. இதோ சார், இதோ சார்ங்கறேன். வலது கையில போன், இடது கையில டீ டம்ளரு. டம்ளரைக் கீழ வெச்சேன். பச்சையை அழுத்தினேன்.

மறந்துட்டேன். அவ்வளவுதான், உள்ளே ஆள் இருக்கறத மறந்துட்டேன். இருவது செகண்டு இருக்குமா. எண்ணிப் பாத்திருக்கேன், டம்ளரை வெச்சதுல இருந்து அந்தச் சத்தம் வரைக்கும். குடையை மறக்கலாம், பஸ்ல டிபன் பாக்ஸை மறக்கலாம், ஆளை எப்படிறா மறந்த? எங்கூட எட்டு வருஷம் ஒரே பெஞ்சுல சோறு தின்ன ஆளு. என்ற கல்யாணத்துக்குக் கோவில்பட்டியில இருந்து கடலை மிட்டாய் மூட்டை கட்டிட்டு வந்த ஆளு. இருவது செகண்டு அவரு இந்த லோகத்துலயே இல்லாத மாதிரி ஆயிட்டாரு எனக்கு. இதைப் போயி யாருகிட்டச் சொல்றது? வார்த்தையைத் தப்பாப் புரிஞ்சுட்டேன்னா பாவம்னு சொல்லுவாங்க. ஆளையே மறந்துட்டேன்னா என்ன சொல்லுவாங்க? அதுக்கும் எங்கயாவது ஒரு நல்ல பேரு இருக்கும், கவனச் சிதறல்னு மேனேஜர் எழுதுவாரு, ஆனா நான் நம்ம அண்ணாச்சி மொகத்தப் பாத்து, உங்களை மறந்துட்டேன் அண்ணாச்சின்னு எந்த வாயில சொல்றது. இன்னொண்ணும் இருக்குது, அதை நெனச்சாத்தான் கூசுது. அவரை வேன்ல ஏத்தி அனுப்பிட்டு, கையைக் கழுவிட்டு வந்து, அந்த வடையத் தின்னேன். ஆறிப் போயிருந்துச்சு. என்னத்துக்குத் தின்னேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை.

போன் அடிக்குது. எடுக்கறேன், பச்சைப் பொத்தான் பக்கம் போகாம இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால வெச்சுக்கறேன், பீஸே இல்லை, அழுத்தினாலும் ஓடாது, இருந்தாலும். மாஸ்டருதான். 'சென்னி, ரெண்டாம் நம்பரு...' 'ஆள் உள்ள போறாருங்க சார். கால் மணி நேரம் ஃபேன் கெடையாதுங்க.' 'சரிப்பா சரிப்பா, மெதுவாப் பாருங்க' ங்கறாரு, தேன் ஒழுகுது வாயில. அந்தாளுக்கும் தெரியும், அன்னிக்குப் போன்ல கத்தினது அவரு. விசாரணையில அந்தப் போனைப் பத்தி அவரும் மூச்சு விடலை, நானும் விடலை. நாங்க ரெண்டு பேரும் காரிடார்ல எதிர்ல வந்தா ஒருத்தருக்கொருத்தரு ரொம்ப மரியாதை.

வேகம் கொறையுது. இத்தனை நேரம் ஒரே தகடாத் தெரிஞ்சது இப்ப தனித்தனி இறக்கையாத் தெரியுது, எட்டு இறக்கை. இப்பத்தான் ஜாக்கிரதையா இருக்கணும், மெதுவாச் சுத்துதேன்னு கையை விட்டுப் போனவங்கதான் ஜாஸ்தி. ஒண்ணாம் நம்பரு பக்கத்துல ஓடறதால அந்தக் காத்துலயே இது பின்பக்கமாக் கூடச் சுத்தும், அதுக்காக நடுவுல தகரக் கதவை இறக்கியாச்சு, நின்னதும் இறக்கையைக் கயித்துல கட்டணும், அப்பறம்தான் ஆள். இதெல்லாம் இப்போ சட்டம். இன்னொரு சட்டமும் இருக்குது, பீஸ் கட்டை உள்ளே போறவரு பையிலதான் இருக்கணும், வெளியே இருக்கறவன் பையில இல்லை. பிடுங்கினதும் நீட்டினேன். அவரு வாங்கலை. 'உங்கிட்டயே இருக்கட்டும்' னாரு. அதுக்கு முன்னாடி, காலையில மேனேஜர்கிட்ட, கேட்டு வேலைக்குப் போறதுக்கு முந்தி ஒரே ஒருக்க ஃபேன் ரூமுக்குள்ள போய்ட்டு வந்துருதேன் சார்னு கேட்டாராமா, அந்த ரூமு மேல பயத்தோடயே போயிரக் கூடாதாமா. சரி, சுவிட்சுல யாரு நிக்கறதுன்னு மேனேஜர் கேட்டதுக்கு, சென்னி நிக்கட்டும், அவன் நின்னா எனக்குப் பயமில்லைன்னாராம். கூடமாட இருந்தவன் வந்து எங்கிட்டச் சொல்றான், உம்மேல எத்தனை நம்பிக்கை பாருன்னு. நான் கக்கூஸுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டு நின்னேன், வேற எங்க போறது.

ஆஸ்பத்திரியிலயாவது வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். வேன் கெளம்பறப்ப டைம் ஆபீஸ்காரன் கேட்டதுக்குப் பயத்துல வந்த பொய் அது, எடுன்னாரு, நான் ஓட்டச் சொல்றாருன்னு நெனச்சேன்னு, என்ற வாயில இருந்து வந்தது எனக்கே ஆச்சரியம். அதோட போயிருக்கும். நாலாம் நாளு ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போறேன், கட்டுப் போட்ட கையை வயித்து மேல வெச்சுட்டுக் கெடக்கறாரு, ஊசி மருந்துல கண்ணு சொருகுது. என்னையப் பாத்ததும் கேட்டாரு, 'ஏல சென்னி, எனக்கு ஒண்ணும் சரியா ஞாபகத்துல நிக்க மாட்டேங்கு. நான் உங்கிட்ட என்ன சொன்னேன்?' கேட்டாரே. அவரா வாய் தெறந்து கேட்டாரே. அப்பச் சொல்லியிருக்கலாம். அவரு சம்சாரம் பாக்கியத்தாய் அக்கா பக்கத்துல நிக்குது, பழத்தை உரிச்சுட்டு, எம்மொகத்தைப் பாத்துட்டு. நான் சொன்னேன், 'நீங்க எடுன்னு சொன்னீங்க அண்ணாச்சி.' கண்ணை மூடிட்டு ரெண்டு தடவ அதைச் சொல்லிப் பாத்தாரு, எடு, எடுன்னு, மருந்து மாதிரி முழுங்கிட்டாரு. 'எம் வாயி பண்ணுன காரியத்துக்கு எங் கை தண்டம் கட்டிருச்சு' ன்னு சம்சாரத்துகிட்டச் சொன்னாரு. அந்தக்கா எனக்கு ஒரு சொளை குடுத்துச்சு. மத்தவனுககிட்டச் சொன்னது பொய்யி. இவருகிட்டச் சொன்னதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியலை. ஒரு மனுசன் மண்டைக்குள்ள பூந்து அவரு செய்யாததைச் செஞ்சதா வெச்சுட்டு வந்தேன்.

இந்த மனுசனைப் பாருங்க, நிக்கறதை. முந்தியெல்லாம் அஞ்சு நிமிஷம் சும்மா நிப்பாரா? ஃபேன் நிக்கறதுக்குள்ள ஊர்ல நடந்த நாலு கல்யாணம், ரெண்டு அடிதடி, மாஸ்டர் வேட்டி அவுந்த கதை, எல்லாம் ஓடும், ஃபேன் சத்தத்துக்கு மேல அவரு சத்தம் கேட்கும். காலையில இருந்து எண்ணிட்டிருக்கேன், எங்கிட்ட மொத்தமா இருவது வார்த்தை பேசியிருப்பாரா. வந்தேன், இருக்கேன், சரி, உங்கிட்டயே இருக்கட்டும். போன வாரம் சந்தையில பாக்கியத்தாய் அக்காவைப் பாத்தேன், ஒளியலாம்னு பாத்தேன், அது பாத்துருச்சு. 'தம்பி, விரலு போனதுக்குக்கூட நான் அழுது முடிச்சுட்டேன், இவரு பேச மாட்டேங்காரு. பிள்ளைககிட்டத் தண்ணி கேட்டாக் கூட யோசிச்சு யோசிச்சுக் கேக்காரு. ராத்திரியில எந்திரிச்சு உக்காந்து, எடுன்னா சொன்னேன், எடுன்னா சொன்னேன்னு முணுமுணுக்காரு. நீங்க சிநேகிதரு, நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாரு' ன்னுச்சு. சொல்றேங்க்கான்னேன். கத்திரிக்கா வாங்காமயே வீட்டுக்கு வந்தேன். விரலை நான் எடுத்தது மறதியில. வாயை எடுத்தது நல்லா நெனவோட.

ரெண்டு சுத்து. ஒண்ணு. இறக்கை ஒண்ணு மேல வரைக்கும் போயி, போலாமா வேண்டாமான்னு யோசிச்சு, பின்னால வந்து, நின்னுருச்சு. அண்ணாச்சி கதவைத் தெறக்கறாரு, இடது கையில. கயிறை எடுத்துத் தோள்ல போட்டுக்கறாரு. ஒரு காலை நிலைப்படிக்கு உள்ள வெச்சாச்சு. இந்தக் கால் முழுசா உள்ள போச்சுன்னா நான் சொல்ல மாட்டேன், எனக்கு என்னையத் தெரியும், கால் மணி நேரம் கழிச்சு மேனேஜர் ரூம் வாசல்ல நின்னு பேனா எடுத்துக் குடுப்பேன் நானு.

"அண்ணாச்சி, நில்லுங்க."

திரும்பிப் பாக்கறாரு. நான் கிட்டப் போறேன், பத்தடி. "நீங்க எடுன்னு சொல்லலைங்க. எடுத்தாச்சான்னு கேட்டீங்க. நான் எடுத்தாச்சுன்னு பொய் சொன்னேன், பீஸைத் தொடவே இல்லை. மாஸ்டர் போன்ல கத்தினாரு, நீங்க உள்ளே இருக்கறத மறந்துட்டு நாந்தான் அழுத்தினேன். ஆஸ்பத்திரியில சொன்னதும் பொய்யிங்க. உங்க வாயில ஒரு தப்பும் இல்லை அண்ணாச்சி." சொல்லிட்டேன். அவ்வளவு சின்னதா இருக்குது சொன்னா. நாலு மாசம் சுமந்தது, நாலு மூச்சுல முடிஞ்சு போச்சு.

அவரு காலை வெளியே எடுக்கறாரு. கதவைச் சாத்தறாரு. வலது கையைப் பாக்கெட்டுல இருந்து எடுத்துத் தானே ஒருக்கப் பாக்கறாரு, அப்பறம் என்னைய. "மறந்துட்டியா?" ங்கறாரு. ஆமாங்க. "என்னைய மறந்துட்டியா?" ஆமாங்க அண்ணாச்சி. அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அவரு ஒதடு மட்டும் அசையுது, இன்னும் அந்த வார்த்தைய எடை போடறாரு போல இருக்குது, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாதுன்னு. அப்பறம் ஆரம்பிச்சாரு. "ஏலே, மூதி" ன்னாரு, முதல்ல மெதுவாத்தான். "செத்த மூதி. எடுபட்ட பயலே. நாலு மாசம்லே. எம் பொண்டாட்டிகிட்ட ஒரு வாய் பேசியிருப்பனாலே நானு? சோத்துக்கு உப்பு இல்லைன்னு சொல்லப் பயந்து தின்னேம்லே! நீ ஆரஞ்சுப் பழமா வாங்கிட்டு வந்த, வெளங்காத பயலே, அதை ஒரு சொளை விடாமத் தின்னேனே, உன் பழத்துல மண்ணு விழ!" சத்தம் ஏறுது, தொண்டை கரகரன்னு, ரொம்ப நாளு ஓடாத மெஷினு மாதிரி திக்கித் திக்கி, அப்பறம் புடிச்சுக்குது. என்னையத் திட்டறாரு, எங்கப்பனைத் திட்டறாரு, மாஸ்டரைத் திட்டறாரு, என்ற கல்யாணத்துக்கு நின்னுகிட்டே பஸ்ல வந்ததைச் சொல்லித் திட்டறாரு, கண்ணுல தண்ணி கொட்டுது, தொடைக்கலை. அறுந்த நூலை முடியற சைடர் பொம்பளைக ரெண்டு பேரு வாசல்ல வந்து எட்டிப் பாக்கறாங்க, என்னாச்சு, அண்ணாச்சியா பேசறாருன்னு. நான் வாங்கிட்டு நிக்கறேன். நிறுத்திருவாரோன்னுதான் பயமா இருக்குது.

"மன்னிச்சேன்னு மட்டும் நெனச்சுராத" ங்கறாரு, மூச்சு வாங்க. இல்லைங்க அண்ணாச்சி. "நடலே முன்னால. எங்கிட்டச் சொன்னதை ஒரு எழுத்து மாறாம மேனேஜர்கிட்டச் சொல்லு." நடக்கறேன். பின்னாலயே வராரு, ரிங் ஃபிரேம் சத்தத்துக்கு மேல திட்டிட்டே வராரு, ஃபிரேமுக்கு ஃபிரேம் ஆளுக திரும்பிப் பாக்கறாங்க, கேண்டீன் தாண்டி, டைம் ஆபீஸ் தாண்டி, மேனேஜர் ரூம் கதவு வரைக்கும் ஒரு நிமிஷம் வாயை மூடலை அவரு.